கோளாறு தெரிவது கோரில், பிறப்பது ஆக்சஸில்

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தின் நெட்வொர்க்கைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். மெயின் பிளாக்கில் சர்வர் ரூம், அதில் எல்லா லைனும் வந்து சேருகிற கோர் சுவிட்ச். டிபார்ட்மென்ட் பிளாக்குகள், லைப்ரரி, ஹாஸ்டல், கேன்டீன் என்று எல்லா இடத்திலும் மாடிக்கு மாடி ஆக்சஸ் சுவிட்சுகள். இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிடும். எது எங்கே உடையும், உடைந்தால் முதலில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது வளாகத்தில் நடந்தால்தான் தெரியும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பகுதி உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மாதிரி நடுத்தர வளாகத்துக்கு இரண்டு அடுக்கு போதும். பெரிய இடங்களில் நடுவில் டிஸ்ட்ரிபியூஷன் என்று இன்னொரு அடுக்கு வரும். இங்கே அந்த வேலையையும் கோரே செய்துவிடுகிறது. ஹாஸ்டலில் மட்டும், மாடிகளின் லைன் எல்லாம் வந்து சேருகிற ஒரு சுவிட்ச் தரைத்தளத்தில் உண்டு. கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, வைஃபை ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் ஆக்சஸ் சுவிட்சில்தான் செருகப்படும். யாரை உள்ளே விடுவது, எந்த வி-லேனில் (ஒரே சுவிட்சுகளுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) சேர்ப்பது, எவ்வளவு பவர் கொடுப்பது என்று பார்ப்பது அதன் பொறுப்பு. எல்லா மாடியிலிருந்தும் வருவதை வாங்கி, வி-லேன்களுக்கு நடுவே ரவுட் செய்து, அதாவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தி, தாமதமில்லாமல் அனுப்புவது கோரின் பொறுப்பு. கோர் சுவிட்சில் காலியாக ஒரு போர்ட் இருக்கிறதே என்று யாருடைய கம்ப்யூட்டரையாவது அதில் செருகுவதை நான் அனுமதிப்பதில்லை.

ஒரு பாக்கெட் போகிற வழியைக் காட்டினால் இது இன்னும் தெளிவாகும். ஹாஸ்டல் மூன்றாம் மாடியில் ஒரு மாணவர் லேப்டாப்பில் அட்டெண்டன்ஸ் போர்ட்டலைத் திறக்கிறார். லேப்டாப் இருப்பது 30ஆம் வி-லேன், சர்வர் இருப்பது 10ஆம் வி-லேன். சர்வர் தன் சப்நெட்டில், அதாவது தன் ஐபி முகவரி வட்டத்தில், இல்லை என்று லேப்டாப்புக்குத் தெரியும். அதனால் வி-லேனை விட்டு வெளியே போகும் வாசலான கேட்வேயின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) போட்டு ஃப்ரேமை, அதாவது பாக்கெட்டைச் சுமக்கும் உறையை, அனுப்புகிறது. அந்த கேட்வே இருப்பது கோர் சுவிட்சில். மாடியில் இருக்கும் ஆக்சஸ் சுவிட்ச் ஐபி முகவரியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மேக் முகவரியை மட்டும் பார்த்து, இது 30ஆம் வி-லேன் என்று 4 பைட் டேக் ஒன்றைச் சேர்த்து, பல வி-லேன்களைச் சுமக்கிற ட்ரங்க் லிங்க் வழியாக மேலே தள்ளிவிடுகிறது. கோர் அந்த டேக்கைப் பிரித்து, ஐபியைப் பார்த்து, 10ஆம் வி-லேனுக்கு ரவுட் செய்து, சர்வர் ரேக்கில் இருக்கிற சுவிட்சுக்கு அனுப்புகிறது. பதிலும் இதே வழியில் திரும்பி வரும்.

இதில் பலருக்கும் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. ஒரே சுவிட்சில் பக்கத்துப் பக்கத்து போர்ட்டில் இரண்டு மெஷின் இருந்தாலும், வி-லேன் வேறு வேறு என்றால் ஒன்றோடு ஒன்று பேச கோர் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். கோருக்குப் போகிற லைனான அப்லிங்க் அறுந்தால் அவை பேச முடியாது. ஒரே வி-லேனில் இருக்கிறவை மட்டும் பேசிக்கொண்டிருக்கும். யாராவது நெட் வரவில்லை என்று கூப்பிட்டால் நான் முதலில் செய்யச் சொல்வது இதை வைத்துத்தான். பக்கத்து சீட் மெஷினை பிங் பண்ணுங்கள் (ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது), அப்புறம் கேட்வேயை, அப்புறம் சர்வரை. பக்கத்து சீட் வருகிறது, கேட்வே வரவில்லை என்றால் அப்லிங்கிலோ ட்ரங்கிலோ கோளாறு. கேட்வே வருகிறது, சர்வர் வரவில்லை என்றால் மாடிக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை, கோருக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். ஃபயர்வால் உள்ள மெஷின் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதால், பக்கத்து சீட்டுக்குப் பதில் பிரிண்டரை பிங் பண்ணச் சொல்வதும் உண்டு.

சரி, கோளாறுக்கு வருவோம்.

ஆன்லைனில் இன்டர்னல் டெஸ்ட் நடந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில் மொத்த வளாகமும் நின்றது. லேப் அசிஸ்டென்ட் போனில் கூப்பிட்டார். "சார், எங்க லேப்ல ஒண்ணுமே வரலைங்க. கேட்வேயே பிங் ஆகலைங்க." அடுத்த நிமிடமே அட்மின் ஆபீஸ், அப்புறம் ஹாஸ்டல். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது என்றால் யாரும் கோரைத்தான் சந்தேகப்படுவார்கள். அன்றும் அதன் சிபியு உச்சத்தில்தான் இருந்தது. நெட்வொர்க் மூலம் போகிற எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையவே முடியவில்லை. "கோரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாமா சார்?" என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, சர்வர் ரூமில் எப்போதும் தொங்கவிட்டிருக்கும் கன்சோல் கேபிளை எடுத்து லேப்டாப்பில் செருகினேன். கோர் திணறும்போது உள்ளே போக அந்த ஒரு வழிதான் மிஞ்சும். அது அங்கேயே இருக்க வேண்டும், யாருடைய பையிலும் போய்விடக் கூடாது.

லாக்கில் ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஒரு மேக் முகவரி 40ஆம் வி-லேனில் இந்த போர்ட்டுக்கும் அந்த போர்ட்டுக்கும் மாறி மாறித் தாவுகிறது என்று. ஒரு மெஷின் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, அதனால் இது லூப், ஃப்ரேம்கள் முடிவில்லாமல் சுற்றுகிற வட்டப்பாதை. அத்தனை வரியிலும் பொதுவாக இருந்த போர்ட் சிவில் பிளாக்குக்குப் போகிற அப்லிங்க். அதை ஷட் டவுன் செய்ததும் சில விநாடியில் சிபியு இறங்கியது, மற்ற பிளாக்குகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. அதற்குப் பிறகு சிவில் பிளாக்கில் நிதானமாகத் தேடினோம். ஸ்டாஃப் ரூம் மேஜைக்கடியில் ஒரு சின்ன 8 போர்ட் சுவிட்ச். கூட்டிப் பெருக்கும்போது தொங்கிக்கொண்டிருந்த பேட்ச் கார்டின் அடுத்த முனையையும் நல்ல எண்ணத்தில் யாரோ அதே சுவிட்சில் செருகிவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு கேபிளுக்கு வளாகத்தையே நிறுத்தும் பலம் எப்படி வருகிறது? ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் கொட்டப்பட்டுவிடும். ஈதர்நெட் ஃப்ரேமில் அப்படி எதுவும் கிடையாது. லூப்பில் மாட்டிய ப்ராட்காஸ்ட், அதாவது எல்லோருக்குமாக அனுப்பப்பட்ட ஃப்ரேம், யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் எல்லா போர்ட்டுக்கும் ஒரு நகல் போகும். ஆக்சஸ் சுவிட்சுகள் இதை ஹார்டுவேரிலேயே தள்ளிவிடுவதால் விளக்குகள் வெறித்தனமாக மின்னுமே தவிர அவற்றின் சிபியு அவ்வளவாக வருந்தாது. கோரின் நிலை வேறு. அந்த வி-லேனின் கேட்வே அதுதான் என்பதால், இந்த ஐபிக்கு உரிய மேக் முகவரி எது என்று கேட்டு வருகிற ஒவ்வொரு ஆர்ப் ப்ராட்காஸ்டையும் தனக்கானதா என்று சிபியுவில் பார்த்தாக வேண்டும். 40ஆம் வி-லேனில் சுற்றுகிற குப்பையைப் பார்த்துப் பார்த்தே அது களைத்துவிடும். பிறகு 10, 20, 30 என்று லூப்பே இல்லாத வி-லேன்களின் ஆர்ப்புக்கும் பதில் சொல்ல அதற்கு நேரம் இருக்காது. அதனால்தான் எல்லோருக்கும் கோர் செத்துவிட்டதாகத் தெரிகிறது. அன்றைக்கு கோரை ரீஸ்டார்ட் செய்திருந்தால் பூட் ஆகும் நேரமும் வீணாகி, எழுந்ததும் அதே புயலில் மறுபடி விழுந்திருக்கும். லாக்கும் போயிருக்கும்.

இப்படிப்பட்ட விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பாஸ்டன் நகரில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2002 நவம்பரில் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் நாள்கணக்கில் முடங்கியது. ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒட்டி வளர்ந்து, லூப்பைத் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீ என்ற முறையின் எல்லையைத் தாண்டிப்போன நெட்வொர்க் அது. டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியில் பேசினார். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்று அவர் செய்த அந்தக் காரியத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஸ்பானிங் ட்ரீயை 1985இல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கினார், இதே லூப் பிரச்சினைக்காகத்தான். சுவிட்சுகள் தங்களுக்குள் பிபிடியு என்ற சின்ன ஃப்ரேம்களை அனுப்பி, யாரை ரூட்டாக, அதாவது தலைமையாக, வைத்துக்கொள்வது, எந்த லிங்கைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவு செய்யும். ஆனால் மலிவான மேஜைச் சுவிட்சுகள் அதில் கலந்துகொள்ளாது. சில பிபிடியுவை அப்படியே கடத்திவிடும், சில விழுங்கிவிடும். அதனால் ஆக்சஸ் சுவிட்சில் கம்ப்யூட்டர் போகிற ஒவ்வொரு போர்ட்டிலும் நான் இரண்டு காவல் வைக்கிறேன். முதலாவது பிபிடியு கார்டு. அந்த போர்ட்டில் ஒரு பிபிடியு வந்தாலே போர்ட் மூடிக்கொள்ளும். இரண்டாவது ஸ்டார்ம் கன்ட்ரோல், பிபிடியுவை விழுங்குகிற சுவிட்சுகளுக்காக. ப்ராட்காஸ்ட் ஒரு அளவைத் தாண்டினால் போர்ட் அதை வெட்டும். இந்த இரண்டும் இருந்திருந்தால் அந்த ஸ்டாஃப் ரூமில் ஒரு போர்ட் மட்டும் போயிருக்கும், டெஸ்ட் நடந்திருக்கும்.

ஸ்பானிங் ட்ரீயில் இன்னொரு அனுபவம், இது சத்தமில்லாமல் வெகுநாள் இருந்த கோளாறு. ஹாஸ்டல் மாணவர்களிடமிருந்து ஒரு விசித்திரமான புகார். "சார், பகல் முழுக்க நெட் இழுக்குது. ராத்திரி எட்டு மணிக்கு மேல சூப்பரா வருது." ராத்திரிதான் எல்லோரும் அறையில் இருப்பார்கள், லோடு கூடும், அப்போதுதான் வேகம் குறைய வேண்டும். நேர் எதிராக நடந்தது. இன்டர்நெட் லைன் கொடுப்பவர் மேல் சந்தேகப்பட்டோம், ஃபயர்வாலைப் பார்த்தோம். கடைசியில் ஷோ ஸ்பானிங்-ட்ரீ என்ற கமாண்டை அடித்தபோது ரூட் என்று காட்டிய மேக் முகவரி கோருடையதே இல்லை. லைப்ரரியில் இருந்த, வளாகத்திலேயே பழைய சுவிட்ச் அது.

காரணம் எளிது. சுவிட்சுகள் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து 32768 என்ற பிரயாரிட்டியோடு வரும்; ரூட் தேர்வில் சிறிய எண்தான் ஜெயிக்கும். யாரும் மாற்றாவிட்டால் எல்லோரும் சமம், அப்போது மேக் முகவரி எதற்குச் சிறியதோ அதுதான் ரூட். பழைய சுவிட்சின் மேக் முகவரி பெரும்பாலும் சிறியதாக இருக்கும். ஆக யாரும் கவனிக்காத நெட்வொர்க்கில் பெரும்பாலும் மிகவும் வயதான சுவிட்ச்தான் தலைமையை எடுத்துக்கொள்ளும். லைப்ரரியிலிருந்து கோருக்கு ஒரு 1 ஜிகாபிட் லிங்க், ஹாஸ்டலுக்கு மாற்று வழியாக இன்னொரு 1 ஜிகாபிட் லிங்க். கோருக்கும் ஹாஸ்டலுக்கும் நேரடியாக 10 ஜிகாபிட் ஃபைபர். லைப்ரரி ரூட்டாக இருந்ததால், கோரும் ஹாஸ்டலும் தத்தம் லைப்ரரி லிங்கைத் திறந்து வைத்து, நடுவில் இருந்த 10 ஜிகாபிட் லிங்கை மூடிவிட்டன. முழு ஹாஸ்டலும் லைப்ரரி வழியாக 1 ஜிகாபிட்டில் நெருக்கிக்கொண்டு போனது. இரவு எட்டு மணிக்கு லைப்ரரியைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பார்கள். அந்தப் பழைய சுவிட்ச் அணைந்ததும் 10 ஜிகாபிட் லிங்க் திறந்துகொள்ளும். மாணவர்கள் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் உண்மை.

சரிசெய்ய இரண்டே வரி. கோருக்கு 4096, அதற்கு மாற்றாக இருக்கிற சுவிட்சுக்கு 8192. பிரயாரிட்டி 4096இன் மடங்காகத்தான் கொடுக்க முடியும். கூடவே கோரிலிருந்து கீழே போகிற போர்ட்டுகளில் ரூட் கார்டு, நாளை யாராவது பழைய சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து செருகினாலும் அது தலைமையைப் பறிக்காதபடி. புதிதாக ஒரு நெட்வொர்க்கைக் கையில் எடுத்தால் நான் அடிக்கிற முதல் கமாண்டே ரூட் யார் என்பதுதான்.

கம்ப்யூட்டர் போகிற போர்ட்டைக் காத்திருக்காமல் உடனே திறக்கவைக்கிற போர்ட்ஃபாஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது இல்லாத போர்ட்டில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், லூப் இருக்குமோ என்று சுவிட்ச் 15 விநாடியும் இன்னொரு 15 விநாடியும் காத்திருந்துதான் திறக்கும். அதற்குள் விண்டோஸ் ஐபி கேட்டுப் பார்த்து, பதில் வராமல், 169.254 என்று தொடங்குகிற முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். காலையில் லேப் திறந்ததும் பாதி மெஷினில் நெட் இல்லை, கேபிளைப் பிடுங்கிச் செருகினால் வருகிறது என்றால் இதைப் பாருங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. போர்ட்ஃபாஸ்ட் இல்லாத போர்ட் மேலே கீழே ஆகும் ஒவ்வொரு தடவையும் அமைப்பு மாறிவிட்டது என்ற செய்தி கோர் வரை போய், எல்லா சுவிட்சும் கற்றுவைத்த மேக் முகவரிகளை மறக்க ஆரம்பிக்கும். மறந்தால் யாருக்கோ போக வேண்டிய ஃப்ரேம் எல்லா போர்ட்டுக்கும் போகும். ஒரு லேப் முழுக்க ஒரே நேரத்தில் ஆன் ஆனால் அதன் அதிர்வு வளாகம் முழுக்கத் தெரியும்.

கோரும் ஆக்சஸும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது, மெஷின்களுக்குத் தானாக ஐபி வழங்குகிற டிஎச்சிபிதான். வீட்டிலிருந்து வைஃபை ரவுட்டர் கொண்டுவந்து ஹாஸ்டல் அறையில் செருகும் மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டுக்குப் பதில் உள் இணைப்புக்கான லேன் போர்ட்டில் செருகிவிட்டால், அந்த ரவுட்டர் மாடி முழுக்க 192.168.0 என்று ஐபி வழங்க ஆரம்பித்துவிடும். எங்கள் டிஎச்சிபி சர்வர் சர்வர் ரூமில் இருக்கிறது. ஒரு கோரிக்கை மாடியிலிருந்து கோருக்குப் போய், கோர் அதை ரிலே செய்து, அதாவது சர்வர் இருக்கிற வி-லேனுக்குக் கடத்தி, பதில் அதே வழியில் வர வேண்டும். மாணவரின் ரவுட்டரோ அதே மாடியில். பதில் சொல்வதில் அது முந்திக்கொள்ளும்.

இதற்கு மருந்து ஆக்சஸ் சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங். கோருக்குப் போகிற அப்லிங்கை மட்டும் நம்பு, மற்ற போர்ட்டிலிருந்து டிஎச்சிபி சர்வர் பேச்சு வந்தால் கொட்டிவிடு என்று சொல்லிவைப்பது. சரி என்று ஒரு மாடியில் அதைப் போட்டோம். அந்த மாடி முழுக்க யாருக்கும் ஐபி வரவில்லை. அப்லிங்கை நம்பச் சொல்லியிருந்தோம், எல்லாம் புத்தகத்தில் இருந்தபடிதான். நடந்தது என்னவென்றால், ஸ்னூப்பிங் போட்டதும் ஆக்சஸ் சுவிட்ச் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஆப்ஷன் 82 என்ற தகவலைச் சேர்க்கிறது, இது எந்த சுவிட்சின் எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்று. ரிலே செய்கிற கோர், அந்த ஆப்ஷன் இருக்கிறது, ஆனால் ரிலே முகவரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, இது சந்தேகத்துக்குரியது என்று பாக்கெட்டைக் கொட்டிவிட்டது. சிஸ்கோ சுவிட்சுகளில் இது இயல்பான நடத்தை. ஆக்சஸில் ஆப்ஷன் 82 சேர்ப்பதை நிறுத்தலாம், அல்லது கோரில் அதை நம்பச் சொல்லலாம். நாங்கள் நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகச் சரியாகவே நடந்துகொண்டது, சேர்ந்தபோது ஒரு மாடியே இருண்டது. அன்றிலிருந்து ஆக்சஸில் எந்தப் பாதுகாப்பு அம்சத்தைப் போட்டாலும், இதைக் கோர் எப்படிப் பார்க்கும் என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். முதலில் ஒரு மாடியில், அதுவும் செமஸ்டர் லீவில்.

புதிய வி-லேன் போடும்போதும் இதே கதைதான். ஆக்சஸில் வி-லேன் இருக்க வேண்டும், கோரில் இருக்க வேண்டும், ட்ரங்கின் இந்த முனையில் அனுமதி வேண்டும், அந்த முனையிலும் வேண்டும். நாலில் ஒன்று விட்டுப்போனாலும் ஐபி வராது, எர்ரரும் வராது. ட்ரங்கில் அனுமதி கொடுக்கும்போது கமாண்டில் ஆட் (add) என்ற சொல்லை விட்டுவிட்டால் பழைய பட்டியல் போய், புதியது மட்டும் நிற்கும். சுவிட்சுகளை நிர்வகிக்கிற மேனேஜ்மென்ட் வி-லேனும் அதோடு போய்விட்டால் அந்தச் சுவிட்சுக்கு நேரில்தான் போக வேண்டும். தூரத்து சுவிட்சில் கை வைக்கும் முன் 10 நிமிடத்தில் ரீலோட் ஆகும்படி டைமர் போட்டுவிடுங்கள். மாற்றம் சரியாக இருந்தால் டைமரை ரத்து செய்து சேவ் செய்யலாம். கனெக்‌ஷன் அறுந்தால் சுவிட்ச் தானே பழைய கன்ஃபிகோடு எழுந்துவரும்.

அப்லிங்க் அளவு பற்றி நிறையக் கேள்வி வரும். 48 போர்ட், ஒவ்வொன்றும் 1 ஜிகாபிட், மேலே போவது ஒரே 10 ஜிகாபிட் என்றால் கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒன்று. அலுவலக வேலைக்கு அது தாராளம். வாய்க்காலில் எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை என்ற கணக்குதான். ஆனால் 48 போர்ட்டுக்கு மேலே 1 ஜிகாபிட் என்று விட்டால், ஆன்லைன் தேர்வு நாளில் அது தெரியும். பல லிங்கை ஒன்றாகச் சேர்க்கிற எல்ஏசிபியில் இரண்டு லிங்கைக் கட்டினால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மெஷினிலிருந்து ஒரு சர்வருக்குப் போகிற ஒரு ஃபைல் காப்பி ஒரே லிங்கில்தான் போகும். பலர் சேர்ந்து போகும்போதுதான் இரண்டும் நிறையும்.

வேகத்தைக் கூட்டப்போய் ஃபைபரில் மாட்டிக்கொள்வதும் நடக்கும். பழைய ஆரஞ்சு நிற மல்டிமோட் ஃபைபரில் 1 ஜிகாபிட் வருடக்கணக்கில் ஓடியிருக்கும். ஃபைபர் செருகுகிற எஸ்எஃப்பி மாட்யூலை மட்டும் 10 ஜிகாபிட்டுக்கு மாற்றினால் லிங்க் வராது, வந்தாலும் நிற்காது. மல்டிமோடின் தர வகைகளில் ஓஎம்1 ஃபைபரில் 10 ஜிகாபிட் போவது 33 மீட்டர், ஓஎம்2இல் 82, ஓஎம்3இல் 300. பிளாக்குக்கு பிளாக் புதிதாக இழுக்கிறீர்கள் என்றால் மஞ்சள் நிற சிங்கிள்மோடே இழுங்கள். பிளாக்குக்கு பிளாக் செம்புக் கேபிள் மட்டும் வேண்டவே வேண்டாம். 100 மீட்டர் கணக்கு ஒரு பக்கம், கோடை மழையின் இடி இன்னொரு பக்கம். இடி இறங்கிய மாலையில் அந்த கேபிளின் இரண்டு முனையிலும் போர்ட் போகும்.

கட்டடத்துக்குள் செம்பில் ஒரு சின்ன விஷயம். ஆக்சஸ் பாயின்ட் இருக்கிற போர்ட் 100 மெகாபிட்டில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். 1 ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடி கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். எலி ஒரு ஜோடியைக் கடித்தாலோ கிரிம்ப் சரியில்லை என்றாலோ லிங்க் அணையாமல் 100க்கு இறங்கி நிற்கும். கீழே வைஃபை ஸ்லோ என்று புகார் வரும், எல்லோரும் ஆக்சஸ் பாயின்டை மாற்றிப் பார்ப்பார்கள்.

பவர் கணக்கும் ஆக்சஸ் சுவிட்சின் வேலைதான். 370 வாட் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே பவர் கொடுப்பது) கொண்ட 24 போர்ட் சுவிட்சில், போர்ட்டுக்கு 15.4 வாட் என்றால் 24க்கும் சரியாக வரும். 30 வாட் கேட்கிற ஆக்சஸ் பாயின்ட் என்றால் 12தான். வாங்கும்போதே கூட்டிப் பார்க்க வேண்டும். கரண்ட் போய் வரும்போது கோர் யுபிஎஸ்ஸில் அசையாமல் இருக்கும், மாடிச் சுவிட்ச் மட்டும் அணைந்து, பூட் ஆகி வரச் சில நிமிடம் பிடிக்கும். ஜெனரேட்டர் வந்து கம்ப்யூட்டரும் ஆன் ஆகி நெட் இல்லை என்று போன் வருவது அந்த நேரத்தில்தான். மாடி ரேக்குக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் போராடுவது வீண் போகாது. "நெட்டுக்கு எதுக்கு தம்பி மாடிக்கு மாடி பேட்டரி?" என்று கேட்ட வார்டன்தான், கேமராக்களும் அந்தச் சுவிட்சில்தான் ஓடுகின்றன என்று சொன்னதும் எனக்காக லெட்டர் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது கோர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டும், ஆனால் ஆக்சஸ் ஒழுங்கான பிறகு. லூப் தடுப்பு இல்லாத வளாகத்தில் இரண்டு கோர் வைத்தால் இரண்டும் சேர்ந்து திணறும். வைப்பதாக இருந்தால் இரண்டு பெட்டியையும் ஒன்றாகத் தெரியும்படி சேர்த்து, ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு லிங்க் அதற்கு, ஒரு லிங்க் இதற்கு என்று எல்ஏசிபியில் கட்டுவதைத்தான் நான் விரும்புகிறேன். எந்த லிங்கும் மூடிக்கிடக்காது. தனித்தனியாக வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது கேட்வேயாகிற விஆர்ஆர்பி ஓட்டுவதாக இருந்தால், எது கேட்வேயோ அதுவே ஸ்பானிங் ட்ரீயின் ரூட்டாகவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு கோரைத் தொட்டு அடுத்த கோருக்குப் போய்ச் சுற்றும்.

கடைசியாக ஒன்று, செலவே இல்லாதது. எல்லா ஆக்சஸ் சுவிட்சும் கோரிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும்படி என்டிபி போட்டு, எல்லா லாக்கும் ஒரே சர்வருக்கு வரும்படி வைத்துவிடுங்கள். அந்த சர்வருக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றே போதும். ஒவ்வொரு சுவிட்சும் ஒரு நேரம் காட்டினால் சிவில் பிளாக்கில் போர்ட் மேலே வந்தது முதலா, கோரில் மேக் தாவியது முதலா என்று சொல்லவே முடியாது. கூடவே போர்ட் டிஸ்கிரிப்ஷனில் அறை எண்ணும், எந்த பேட்ச் பேனல் என்பதும் எழுதியிருந்தால், லாக்கில் முதல் வரியைப் படித்தவர் யாராக இருந்தாலும் அந்தத் துறையின் அசிஸ்டென்டுக்கு போன் போட்டு, இந்த அறையில் இந்தப் பாயின்டைப் பிடுங்குங்கள் என்று சொல்லிவிடலாம்.